எபிசோட் 41: பென்சில் பவுச்சுல ஒரு காலித் தோட்டா

(ஒலிப்பதிவிலிருந்து, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை நான் ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணி ரெண்டு தடவையும் அழிச்சிட்டேன். முதல் தடவை ஒரே ஜாலியா போச்சு, ஏதோ கேட்ஜெட் ரிவ்யூ மாதிரி. ரெண்டாவது தடவை ஹெட்மாஸ்டர் மாதிரி பேசிட்டேன். இது மூணாவது. எங்க அத்தை ஒருத்தங்க இதுல வருவாங்க, அவங்க அனுமதியோட. அதனால இந்தத் தடவை அழிக்கப் போறதில்லை.

ஒரு செக்யூரிட்டி செக்ல இருந்து ஆரம்பிக்கிறேன். எந்த ஊர் ஏர்போர்ட்னு சொல்லல. உள்நாட்டு ஃபிளைட், காலை ஆறரை மணி, நான் பாதித் தூக்கத்துல இருக்கேன். என் லேப்டாப் பை ஸ்கேனருக்குள்ள போய் நின்னுடுச்சு. பின்னாடி போகுது, முன்னாடி வருது, மறுபடியும் நிக்குது. ஸ்க்ரீன் பார்த்துட்டிருந்த மேடம் கையைத் தூக்கி இன்னொருத்தரைக் கூப்பிட்டாங்க. "பை யாருது?" "என்னுது மேடம்." "உள்ள தோட்டா இருக்கு."

இருந்துச்சு. சின்ன விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கூடு. சுட்டு முடிச்ச காலிக் கூடுதான், உள்ள மருந்தும் இல்ல, முனையில குண்டும் இல்ல. பேனா, பென்டிரைவ், ரெண்டு ஹால்ஸோட பவுச்சுக்குள்ள கிடந்துச்சு. மூணு மணி நேரம் உட்கார வச்சாங்க. ஃபிளைட் போயிடுச்சு. எங்க கிடைச்சது, யார் கொடுத்தது, எதுக்கு வச்சிருக்கேன்னு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தேன். கூட்டை வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பி விட்டாங்க. யாரும் என்னைத் திட்டல, மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா அந்த மூணு மணி நேரத்துல வேலை, பாஸ்போர்ட், விசா எல்லாம் ஒவ்வொண்ணா மனசுக்குள்ள வந்துட்டுப் போச்சு.

அந்தக் கூடு எப்படி என்கிட்ட வந்துச்சுங்கிறதுதான் இன்னிக்குக் கதை.

ஆன்சைட்ல ஆறு வாரம் டெக்சாஸ்ல இருந்தேன். டீம்ல ஒருத்தர், அறுபது வயசைத் தாண்டினவர். நான் எழுதுற கோடை அவர் ரிவ்யூ பண்ணினா ஒரு கமா கூடத் தப்பாது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டதும் கராஜைத் திறந்து காட்டினார். கார் இருக்க வேண்டிய இடத்துல ஒரு மர பெஞ்ச், அதுல கரும்பு ஜூஸ் மெஷினோட குட்டித் தம்பி மாதிரி கைப்பிடி வச்ச ஒரு இரும்பு பிரஸ். பக்கத்துல தராசு, வெர்னியர், வரிசையா டப்பாக்கள், அப்புறம் ஒரு நோட்டு.

வீட்டுலயே தோட்டா தயாரிக்கிற பொழுதுபோக்கு அது. அங்க ஹேண்ட்லோடிங், ரீலோடிங்னு சொல்றாங்க. நமக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். அங்க இது மீன் பிடிக்கிற மாதிரி, பைக் மாடிஃபை பண்ற மாதிரி சாதாரணமான விஷயம். இதுக்குக் கருவி செய்யுற கம்பெனிகளே பெரிசு பெரிசா இருக்கு. ஆர்.சி.பி.எஸ். கலிஃபோர்னியாவுல 1943-ல ஃப்ரெட் ஹன்டிங்டன்ங்கிறவர் ஆரம்பிச்சது. உலகப் போர் நேரத்துல நல்ல குண்டு கிடைக்கல, அதனால தானே செய்ய அச்சு செஞ்சார், அது கம்பெனியாயிடுச்சு. லீ கம்பெனியை ரிச்சர்ட் லீ 1958-ல தன் வீட்டுப் பட்டறையில இருந்து ஆரம்பிச்சார்.

ஒரு தோட்டாவுல நாலு பகுதி. பித்தளைக் கூடு, அதோட அடியில பிரைமர்ங்கிற சின்னக் கிண்ணம், உள்ள மருந்து, முனையில குண்டு. நம்ம பொட்டு வெடியைச் சுத்தியலால தட்டினா பட்டுனு வெடிக்குது இல்லையா, பிரைமர் வேலையும் அதேதான். ஊசி தட்டும், பொறி வரும், மருந்து எரியும், வாயு குண்டைத் தள்ளும். சுட்ட பிறகு மருந்து போச்சு, குண்டு போச்சு, பிரைமர் செத்துப் போச்சு. பித்தளைக் கூடு மட்டும் மிச்சம். அதுதான் விலை ஜாஸ்தியான பகுதி. அதை எடுத்துச் சுத்தம் பண்ணி, அச்சுல கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, மத்த மூணையும் புதுசா வைக்கிறதுதான் இந்த ஹாபி. எவ்வளவு மருந்து, என்ன மருந்துங்கிற அளவெல்லாம் இந்த எபிசோட்ல வராது. கமென்ட்ல கேட்டாலும் வராது.

"கடையில வாங்குறதை விட லாபமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "லாபம்னு சொல்லித்தான் எல்லாரும் மனைவிகிட்ட அனுமதி வாங்குவோம். அப்புறம் ரெண்டு மடங்கு சுடுவோம்."

எனக்கு அங்க பிடிச்சது துப்பாக்கி இல்ல. அவர் அளக்குற விதம். ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தராசுல போட்டு, முள் நிக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிட்டுப் பார்ப்பார். அந்த அளவுக்குப் பேரு கிரெயின். ஒரு பவுண்டுல 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் 0.065 கிராம் வாக்குல. ஆரம்பத்துல தானிய மணியை வச்சு அளந்ததால வந்த பேரு. நம்ம ஆசாரி குன்றிமணி எடைன்னு சொல்ற மாதிரின்னு வைங்க. அம்பது கூட்டை ஒரு கட்டையில வரிசையா நிக்க வச்சு, மருந்து போட்டு முடிச்சதும் டார்ச் அடிச்சு ஒவ்வொரு வாய்க்குள்ளயும் எட்டிப் பார்ப்பார். ஒண்ணுல மட்டம் ஏறி இருந்தா ரெண்டு தடவை போட்டிருக்கார்னு அர்த்தம், துப்பாக்கி முகத்துலயே வெடிக்கும். ஒண்ணுல மருந்தே விழலன்னா அது இன்னொரு வகை ஆபத்து. பிரைமர் மட்டும் வெடிச்சுக் குண்டைக் குழாய்க்குள்ள பாதி தூரம் தள்ளிட்டு நின்னுடும். சுடுறவருக்குத் தெரியாது. அடுத்ததைச் சுட்டா குழாய் பிளக்கும்.

அந்த அறையில டிவி கிடையாது, ஃபோன் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. நான் இருந்ததால அன்னிக்கு அவர் நிஜமாவே எதையும் லோட் பண்ணல. மருந்துக்குப் பதிலா உப்பு போட்டுத்தான் செஞ்சு காட்டினார். என் கையில தோட்டாவும் தரல. என் மாதிரி தற்காலிக விசாவுல வந்தவங்க, சில விதிவிலக்கு தவிர, தோட்டா வச்சிருக்கவே அந்த நாட்டுச் சட்டம் விடாது. அதை அவர்தான் எனக்குச் சொன்னார். கிளம்புறப்போ ஞாபகார்த்தமா ஒரு காலிக் கூடு கொடுத்தார். இது வெறும் பித்தளைன்னார்.

நோட்டைப் பத்திச் சொல்லாம விட முடியாது. தேதி, கூடு எத்தனாவது தடவை சுட்டது, எந்த டப்பா மருந்து, வெயில் எவ்வளவு, காகிதத்துல எங்க பட்டுச்சு எல்லாமே இருக்கும். இருபது வருஷக் கணக்கு. நான் தினம் ஆபீஸ்ல கெஞ்சிக் கெஞ்சி எழுத வைக்கிற சேஞ்ச் லாக் இதுதானேன்னு தோணுச்சு. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்து, மத்ததைத் தொடாதே. அவர் கோட் ரிவ்யூ ஏன் அப்படி இருந்துச்சுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

ஊர் திரும்பி ஒரு மாசம் ராத்திரி ராத்திரி அந்த வீடியோக்கள்தான். ஒரு வெளிநாட்டு சைட்ல பிரஸ் ஒண்ணைக் கார்ட்ல கூடப் போட்டு வச்சிருந்தேன். மருந்து வேண்டாம், குண்டு வேண்டாம், சும்மா மெஷின்தானே, ஷெல்ஃப்ல அழகா இருக்கும்னு நினைப்பு. அந்த மாசக் கடைசியிலதான் ஏர்போர்ட் சம்பவம்.

அதுக்கப்புறம் வக்கீலா இருக்குற காலேஜ் தோழி ஒருத்தி என்னை உட்கார வச்சு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தைப் படிக்க வச்சா. ரெண்டாவது பிரிவுல ஆயுதம்னா என்ன, தோட்டான்னா என்னன்னு வரையறை இருக்கு. தோட்டா, அதாவது சட்டத்தோட மொழியில வெடிபொருள் தளவாடம்ங்கிறதுல தோட்டாவோட பாகங்களும் அடக்கம். அதைத் தயாரிக்கிற இயந்திரமும் அடக்கம். நான் கார்ட்ல போட்டு வச்சிருந்த அந்த இரும்பு பிரஸ் இருக்கே, சட்டத்தோட கண்ணுக்கு அதுவே தோட்டா! ஷெல்ஃப்ல அழகா இருந்திருக்கும்.

அஞ்சாவது பிரிவு, தனி லைசென்ஸ் இல்லாம யாரும் தயாரிக்கக் கூடாதுங்குது. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கேங்கிற பதில் செல்லாது, அது வேற, இது வேற. மீறினா 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள்.

காலிக் கூடு விஷயத்துல நான் தப்பிச்சதுக்குப் பின்னாடியும் ஒரு சட்டக் கதை இருக்கு. வச்சிருக்கோம்னு தெரிஞ்சு வச்சிருந்தாத்தான் குற்றம்னு உச்ச நீதிமன்றம் 1972-லயே குன்வந்த்லால் வழக்குல சொல்லியிருக்கு. பழைய பையில மறந்து கிடந்த ஒத்தைத் தோட்டாவோட ஏர்போர்ட்ல மாட்டினவங்க வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் அடிக்கடி ரத்து பண்றது இந்த அடிப்படையிலதான். என் தோழி கேட்டா: "நீ மறந்து போய் வச்சிருந்தியா, தெரிஞ்சு வச்சிருந்தியா?" பவுச்சுல இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். மீட்டிங்ல போரடிச்சா எடுத்து உருட்டுவேன். "இதை மட்டும் பாட்காஸ்ட்ல சொல்லித் தொலைக்காதே"ன்னா. சொல்லிட்டேன்.

எனக்கு அப்போ சட்டத்து மேல கோபம்தான் இருந்துச்சு. கோபத்துக்கு நியாயமும் இருக்கு. இந்த நாட்டுல ஆயுதச் சட்டம் ஆரம்பத்துல பாதுகாப்புக்காக வந்தது இல்ல. மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட கையோட, 1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், தென் சீமையில யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு பிரகடனம் போட்டார். எங்க புதுக்கோட்டைத் தொண்டைமான் அப்போ கம்பெனி பக்கம். கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்ததும் எங்க ஊர்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. அப்புறம் 1878-ல லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்னு வச்சுது. இன்னிக்கு இருக்கிற சட்டம் சுதந்திரத்துக்கு அப்புறம் எழுதினதுதான். ஆனா அந்தப் பழைய சட்டத்தைப் படிச்சவனுக்கு ஒரு கசப்பு இருக்கத்தான் செய்யும்.

இந்தக் கசப்போடதான் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அன்னவாசல் பக்கம் எங்க ஊர். கேட்குறவங்களுக்கு: சித்தன்னவாசல் ஓவியம்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே, அதுக்குப் பக்கம். ராத்திரி திண்ணையில உட்கார்ந்து ஏர்போர்ட் கதையை எல்லாருக்கும் சொன்னேன், கொஞ்சம் ஹீரோ மாதிரியே. அப்பா சிரிச்சார். அத்தை சிரிக்கல.

"உங்க அய்யாகிட்ட துப்பாக்கி இருந்துச்சு, தெரியுமாடா உனக்கு?"

தெரியும். அய்யான்னா அப்பாவோட அப்பா. மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு வச்சிருந்தார், பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸோட. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வருவார், முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வருவார். அவர் போன பிறகு அதைத் திருப்பி ஒப்படைச்சிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

நான் டெக்சாஸ்ல வாயைப் பிளந்துட்டுப் பார்த்ததை எங்க அய்யா இந்த வாசல்லயே உட்கார்ந்து செஞ்சிருக்கார். கூடே இல்லாத தோட்டா அது. துப்பாக்கிக் குழாய்தான் கூடு. மாட்டுக் கொம்புல இருந்து கருமருந்தைக் குழாய் வாய்க்குள்ள கொட்டி, தேங்காய் நாரைத் திணிச்சு, நீளக் கம்பியால கெட்டிச்சு, ரவை போட்டு, மறுபடி நார் வச்சுக் கெட்டிச்சு, கடைசியா பின்னாடி கேப் வைக்கணும். 1857-ல சிப்பாய்ங்க பல்லால கடிச்சுக் கிழிச்ச காகிதத் தோட்டாவும் இதே வேலைதான், அளந்து மடிச்ச பொட்டலமா கொடுத்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அய்யாகிட்ட தராசு கிடையாது. உள்ளங்கைதான் கணக்கு.

எங்க பக்கம் இந்தக் கையில கெட்டிக்கிற வேலையை ரொம்ப நல்லாத் தெரிஞ்சவங்க நரிக்குறவர்கள். காடை, கௌதாரி, நரின்னு அவங்க வாழ்க்கையே அந்தத் துப்பாக்கியிலதான் ஓடுச்சு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமாச்சு, பாசிமணிதான் மிச்சம். பழங்குடிப் பட்டியல்ல அவங்களைச் சேர்த்தது 2023 ஜனவரியில. நடுவுல அம்பது வருஷம். கராஜ்ல பிரஸ் வச்சிருக்கிறவருக்கு அது ஹாபி. இவங்களுக்கு அது சோறு. அய்யாவுக்குக் கெட்டிக்கச் சொல்லிக் கொடுத்ததே வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சு எங்க வயக்காட்டுப் பக்கம் வந்து தங்குற ஒரு நரிக்குறவப் பெரியவர்தான்னு அப்பா சொன்னார்.

அத்தை தன் கதைக்கு வந்தாங்க.

"எனக்கு அப்போ ஏழு வயசு. வாசல்ல நெல்லு காயுது, நான் காக்கா விரட்டிட்டு இருக்கேன். காட்டுப்பன்னி வருதுன்னு யாரோ வந்து சொல்லவும் அப்பா அவசர அவசரமா கெட்டிச்சாரு. எப்பவும் கடைசியா வைக்கிற கேப்பை அன்னிக்கு முதல்லயே வச்சிட்டாரு போல."

கம்பி உள்ள இருக்குறப்பவே வெடிச்சிருக்கு. கெட்டிக்கிற கம்பி அம்பு மாதிரி கிளம்பி, அத்தையோட தலைக்கு ஒரு சாண் மேல போய், எதிர்ல இருந்த வேப்பமரத்துல பாதி வரைக்கும் இறங்கி நின்னுடுச்சு. அய்யாவோட வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு.

அந்த விரல்களை நான் பார்த்திருக்கேன். அந்தக் கையாலதான் எனக்குக் கரும்பு கடிக்கச் சொல்லிக் கொடுத்தார். திருவிழா வேட்டுல போச்சுன்னு சொல்லித்தான் எங்களை எல்லாம் வளர்த்தாங்க. "ஏன் அத்தை இத்தனை வருஷம் சொல்லல?" "அவர் இருக்குற வரைக்கும் சொல்ல வேணாம்னு அப்பத்தா சத்தியம் வாங்கிடுச்சு. பெத்த புள்ளையக் கொல்லப் பாத்தேன்னு அவர் அந்த வருஷம் முழுக்கச் சோறு சரியா திங்கலயாம்." அன்னியில இருந்து அய்யா வீட்டுல வச்சுக் கெட்டிச்சதே இல்லையாம். வயக்காட்டு மேட்டுக்குப் போய்த் தனியா நின்னுதான் கெட்டிப்பார். மருந்துக் கொம்பும் வீட்டுக்குள்ள வராது, பம்புசெட் ரூம்லதான் இருக்கும்.

மறுநாள் திருமயம் கோட்டைக்குப் போனோம், சும்மா பசங்களோட. 1687-ல சேதுபதி கட்டின கோட்டை. பாறை ஏறுற வழியில மருந்துக் கிடங்குன்னு ஒரு அறை இருக்கு. எத்தனையோ தடவை பார்த்த இடம்தான். ஆள் புழங்குற இடத்துல இருந்து தள்ளி, பாறையோட வயித்துல கொண்டு போய் ஏன் வச்சாங்கன்னு அன்னிக்குத்தான் யோசிச்சேன். நீலகிரி ரயில்ல போனவங்க அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. 1904-ல இருந்து அங்க கார்டைட் ஃபேக்டரி இருக்கு, புகை வராத மருந்து செய்யுற இடம். அதுவும் ஊர் நடுவுல இல்ல, மலையில.

இப்போ நான் சொல்லத் தயங்கின இடம்.

புதுக்கோட்டையில துப்பாக்கியைப் பத்திப் பேசுற யாரும் நார்த்தாமலையைச் சொல்லாமக் கடக்க முடியாது. அங்க பசுமலைப்பட்டியில ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். 2021 டிசம்பர் 30. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர்களுக்குப் பயிற்சி நடந்துட்டிருக்கு. தளத்துக்கு வெளிய, கிராமத்துல, தாத்தா வீட்டுல இருந்த பதினோரு வயசுப் பையன் தலையில குண்டு பாய்ஞ்சுது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி, அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. ஆபரேஷன் பண்ணிக் குண்டை எடுத்தாங்க. 2022 ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்துட்டான். அரசு பத்து லட்சம் நிவாரணம் அறிவிச்சுது, தளத்தை மூடினாங்க, நிரந்தரமா மூடணும்னு ஊர் மக்கள் கேட்டாங்க. பையன் பேரை நான் சொல்லப் போறதில்லை. அந்தக் குடும்பம் அங்கதான் இருக்கு.

அப்போ நான் சென்னையில வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருந்தேன். ஊர் குரூப்ல செய்தி வந்துச்சு, பார்த்தேன், வருத்தப்பட்டேன், ஸ்டாண்ட் அப் மீட்டிங்குக்குப் போயிட்டேன். பிறகு அதே நான்தான் ராத்திரி ரெண்டு மணிக்குத் தோட்டா வீடியோ பார்த்துட்டு இருந்தேன். ரெண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்ல. அந்த வீடியோவுல எல்லாம் குண்டு காகிதத்துல பட்டதும் கட் ஆயிடும். மூணு ஓட்டையும் ஒரே இடத்துல, சூப்பர் குரூப்னு கைதட்டுவாங்க. காகிதத்தைத் தாண்டினா அது எங்க போகும்னு காட்ட மாட்டாங்க. அங்க மண்மேடு இருக்கும், அதை நம்பித்தான் எல்லாமே நடக்குது. ரைஃபிள்லயே சின்னதுன்னு சொல்ற பாயின்ட் டூ டூ தோட்டாப் பெட்டியிலயே ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு எழுதியிருப்பாங்க. அது ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல. படைகள் பயன்படுத்துற ரைஃபிள் குண்டு அதையும் தாண்டும். எங்க ஊர்ப் பக்கம் ரெண்டேகால் கிலோமீட்டர் ஆள் இல்லாத இடம்னு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ ஆடு மேய்ச்சுட்டு இருப்பாங்க.

அங்க சுட்டவங்க ஹாபிக்காரங்க இல்ல. பயிற்சி பெற்றவங்க, அரசாங்கத்தோட தோட்டா, அரசாங்கத்தோட தளம். அதனால ஏழு வருஷம் தண்டனை போட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. சட்டம் என் பவுச்சைப் பிடிச்சுது, அந்தக் குண்டைப் பிடிக்கல. ஆனா எங்க அய்யா மாதிரி உள்ளங்கைக் கணக்குல ஆயிரம் பேரு ஆயிரம் வாசல்ல கெட்டிச்சுட்டு இருந்தா எப்படி இருக்கும்னு அத்தை முகத்தைப் பார்த்த பிறகு என்னால ஜாலியா நினைக்க முடியல. கராஜ்காரர் கவனமானவர்தான். அவர் கவனமா இருக்கார்ங்கிறதுக்கு அந்தத் தெருவே நம்பி இருக்கு, அவங்களை யாரும் கேட்கல.

அந்தப் பிரஸ்ஸைக் கார்ட்ல இருந்து எடுத்துட்டேன்.

ஆசை போச்சான்னா, போகல. அளக்குற பைத்தியம் இருக்கே. சென்னையில ஒரு ரைஃபிள் கிளப்ல சேர்ந்தேன், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். இதுல மருந்தும் கிடையாது, பிரைமரும் கிடையாது, காத்து அழுத்தம்தான். 4.5 மில்லிமீட்டர் குழாய், இருபது ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸும் வேண்டாம். இந்த விளையாட்டுலயும் ஒரு குட்டி ஹேண்ட்லோடிங் ஒளிஞ்சிருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பெல்லட் ஒவ்வொண்ணும் அரை கிராம் சொச்சம். பெரிய போட்டியாளர்கள் தங்களோட துப்பாக்கிக்கு எந்த பேட்ச் பெல்லட் ஒத்துப்போகுதுன்னு சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாங்க. சிலர் ஒவ்வொண்ணா எடை போட்டுப் பிரிப்பாங்க. நானும் இப்போ ஞாயித்துக்கிழமை ராத்திரி நகைக்கடைத் தராசு ஒண்ணு வச்சுப் பிரிக்கிறேன். என் ஸ்கோருக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு கோச் சொல்றார். உண்மைதான், என் கை நடுக்கத்தைத் தராசு என்ன பண்ணும்? ஆனா நோட்டு போட்டாச்சு.

நம்ம மாவட்டத்துப் பெருமையும் ஒண்ணு சொல்லிடுறேன். புதுக்கோட்டை அரச குடும்பத்துல வந்த பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் ஷூட்டர். பறக்குற களிமண் தட்டைப் பன்னிரண்டு போர் துப்பாக்கியால உடைக்கிற விளையாட்டு அது, தோட்டாவுக்கு 24 கிராம் ரவை. ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 2023-ல அணிப் பிரிவுல தங்கம், அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். பன்னிரண்டு போர்னா என்னன்னு ரொம்ப நாளா எனக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டையோட குறுக்களவுதான் குழாயோட அளவு. அய்யா கேட்டிருந்தா ரசிச்சிருப்பார்.

போன மாசம் அத்தை கண் செக்கப்புக்குச் சென்னை வந்து எங்க வீட்டுலதான் தங்கினாங்க. நான் ஹால்ல உட்கார்ந்து பெல்லட் பிரிச்சுட்டு இருந்தேன். வந்து பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணை எடுத்து விரல்ல உருட்டிப் பார்த்தாங்க.

"இது எம்புட்டுத் தூரம்டா போகும்?"

"பத்து மீட்டர்தான் அத்தை. ஹாலுக்குள்ளயே."

"நீ சுடுற தூரம் கேக்கல. இது போற தூரம்."

எனக்குத் தெரியல. ஃபோனை எடுத்துத் தேடினேன். சில நூறு மீட்டர்னு போட்டிருந்துச்சு. சொன்னேன். அத்தை எழுந்து போய், என் டப்பா, தராசு எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக் குழந்தைங்க வந்தா கை எட்டாத மாதிரி அலமாரி மேல்தட்டுல வச்சிட்டு, காபி போட அடுப்படிக்குப் போனாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்திருந்தா, அதைப் பத்தி வீட்டுல சொல்லாம விட்ட கதை ஏதாவது இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் போட வேண்டாம்னா போட மாட்டேன். கூட்டையோ தோட்டாவையோ ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், போன எபிசோட் டீசருக்கே மூணு பேர் அனுப்பிட்டீங்க. அடுத்த வாரம் பாரதி, அவளோட மாடித் தோட்டத்துல வந்த குரங்குகளோட. பை.